பறக்கும் மனிதனைப் படம் போட்டுக் காட்டிய பிஷப்

1617-ம் ஆண்டு. வெனிஸ் நகரத்தில் ஒரு பிஷப் காலமானார். அவருக்கு வயது சுமார் 66.

அவர் சாதாரண மனிதர் அல்ல. சக்கரவர்த்தியிடம் காரியதரிசியாக இருந்தவர். பல பாஷைகள் தெரிந்தவர். புத்தகங்கள் எழுதியவர். வெனிஸ் நகரத்தில் பெரிய பெரிய மாதா கோவில்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிலேயே அவரை அடக்கம் செய்திருக்கலாம்.

அப்படிச் செய்யவில்லை. அவருடைய உடலைக் கப்பலில் ஏற்றினார்கள். ஏட்ரியாடிக் கடலைத் தாண்டிக் கொண்டு போனார்கள். மறுகரையை ஒட்டிய ஒரு குட்டித் தீவில், சின்னஞ்சிறு கிராமம் ஒன்றில் புதைத்தார்கள். அதுதான் அவருடைய கடைசி விருப்பம்.

அந்தக் கிராமத்தின் பெயர் பிர்விச் லூகா. இன்று அது குரோஷியா நாட்டில் இருக்கிறது. அந்த பிஷப்பின் பெயர் பவுஸ்ட் விரான்சிச்.

ஆகாயத்தில் இருந்து மனிதன் பாராசூட்டில் இறங்குகிறான் அல்லவா? அந்தக் காட்சியை முதன் முதலாக அச்சுப் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியவர் அவர்தான்.

கல் கோவில் நகரம்

விரான்சிச் பிறந்தது 1551-ல். பிறந்த ஊர் ஷிபெனிக். அது கடற்கரைப் பட்டினம். தீவுக் கிராமமான பிர்விச் லூகா அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஷிபெனிக் பட்டினத்தை வெனிஸ் அரசு ஆண்டு வந்தது. ஆனால் ஊரைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் போனால் துருக்கியர் ஆட்சி. எப்போது படை வரும், எப்போது கொள்ளை நடக்கும் என்று ஜனங்கள் பயந்து கொண்டே வாழ்ந்தார்கள். கரையோரக் கிராமங்களில் இருந்த பலர், சாமான்களைப் படகில் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தீவுகளுக்கு ஓடினார்கள். பிர்விச் போன்ற தீவுகளில் வீடுகள் பெருகியது இப்படித்தான். துறைமுகத்துக்குப் போகும் கால்வாயின் வாசலில் வெனிஸ்காரர்கள் ஒரு கோட்டை கட்டினார்கள். செயிண்ட் நிக்கோலஸ் கோட்டை என்று பெயர். அது இன்றும் தண்ணீருக்குள் நிற்கிறது.

ஊருக்கு நடுவில் ஒரு மாதா கோவில். 1431-ல் கட்ட ஆரம்பித்து 1535-ல் முடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று! அந்தக் கோவிலின் கூரையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மரம் கிடையாது. பெரிய பெரிய கற்பலகைகளை ஒன்றோடு ஒன்று கோத்தே கூரை போட்டிருக்கிறார்கள். கோவிலின் வெளிச்சுவரில் எழுபதுக்கும் மேற்பட்ட மனிதத் தலைகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஊர் ஜனங்களின் முகங்கள் என்று சொல்லுவார்கள்.

அந்தக் கூரையைத் தினமும் அண்ணாந்து பார்த்து வளர்ந்த பையன், பிற்காலத்தில் பாலங்களையும் எந்திரங்களையும் பற்றி எழுதியதில் வியப்பு இல்லை.

விரான்சிச் குடும்பம் வசதியான குடும்பம். பிர்விச் தீவில் அவர்களுக்கு ஒரு கோடை மாளிகை இருந்தது. தீவு மிகச் சிறியது. மொத்தப் பரப்பு இரண்டரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதில் இரண்டே இரண்டு கிராமங்கள். ஒன்று ஷெபுரினெ. அங்கேதான் மாளிகை. மற்றொன்று பிர்விச் லூகா. லூகா என்றால் துறைமுகம் என்று அர்த்தம். ஒலிவ மரம், அத்தி மரம், திராட்சைத் தோட்டம், மீன்பிடி படகு. இவைதான் அங்கே ஜனங்களின் சொத்து.

பெரியப்பாவின் பிள்ளை

பவுஸ்ட்டின் பெரியப்பா ஒருவர் இருந்தார். பெயர் அந்துன் விரான்சிச். கிறிஸ்தவ குரு. ஹங்கேரி ராஜாவுக்குத் தூதராகத் துருக்கி சுல்தானிடம் போய் வந்தவர். 1568-ல் சுல்தானுக்கும் சக்கரவர்த்திக்கும் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதைப் பேசி முடித்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருஷமே ஹங்கேரியின் ஆர்ச் பிஷப் ஆனார்.

தம்பி மகன் புத்திசாலி என்று அவர் கண்டுகொண்டார். தன்னிடமே அழைத்துக்கொண்டார். அப்போது ஹங்கேரி ராஜ்ஜியத்துக்குத் தலைநகரம் பிராட்டிஸ்லாவா. சிறுவன் கடலை விட்டு, தாய்மொழி பேசும் ஊரை விட்டு, அவ்வளவு தூரம் போனான். அங்கே ஹங்கேரிய மொழி ஒரு பக்கம், ஜெர்மன் மொழி ஒரு பக்கம். படிப்பு எல்லாம் லத்தீனில். பிறகு இத்தாலியில் உள்ள பாதுவா சர்வகலாசாலைக்குப் போய்ச் சட்டமும் தத்துவமும் படித்தான்.

இப்படி ஊர் ஊராகப் போனதில் பல மொழிகள் அவனுக்குப் பழகிவிட்டன. வேறு ஒரு பையனாக இருந்தால் வீட்டில் பேசிய பாஷையை மறந்திருப்பான். அந்தக் காலத்தில் அந்தப் பாஷையில் படிப்பதற்குப் புத்தகங்கள் மிகக் குறைவு. அதைப் பேசினால் உத்தியோகம் கிடைக்கப் போவதும் இல்லை.

1573-ல் பெரியப்பா இறந்து போனார். அவரை அந்நிய மண்ணிலேயே, திர்னாவா என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். அப்போது பவுஸ்ட்டுக்கு வயது 22.

சக்கரவர்த்தியின் காரியதரிசி

1579-ல் வெஸ்பிரேம் என்ற ஊரில் கோட்டை அதிகாரி வேலை கிடைத்தது. துருக்கியர் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கோட்டை அது. இரண்டு வருஷம் கழித்து இன்னும் பெரிய உத்தியோகம் வந்தது. சக்கரவர்த்தி இரண்டாம் ருடால்ப் அவரைத் தன் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். ஹங்கேரி சம்பந்தப்பட்ட காகிதங்கள் எல்லாம் விரான்சிச்சின் கை வழியாகவே போயின.

ருடால்ப் ஒரு விசித்திரமான ராஜா. ராஜ்ஜிய வேலையில் அவருக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. கடிகாரங்கள், படங்கள், அபூர்வக் கற்கள், புதுமாதிரி எந்திரங்கள் இவற்றைத்தான் சேர்த்துக்கொண்டே இருப்பார். பிராக் நகரத்தில் உள்ள அவருடைய அரண்மனைக்குக் கைவினைஞர்களும் வான சாஸ்திரிகளும் ரசவாதிகளும் தேடி வந்தார்கள். ஈயத்தைத் தங்கமாக்குகிறேன் என்று சொன்னவர்களுக்கும் அங்கே சாப்பாடு கிடைத்தது! அப்படிப்பட்ட இடத்தில்தான் விரான்சிச் 1594 வரை வேலை பார்த்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு மகள், பெயர் ஆல்பா ரோசா. ஒரு மகனும் பிறந்தான். ஆனால் அவன் சிறுவயதிலேயே இறந்துவிட்டான். பிறகு மனைவியும் காலமானாள். அரண்மனையில் எத்தனை பேர் சுற்றி இருந்து என்ன, வீடு வெறிச்சோடிப் போயிற்று. விரான்சிச் வேலையை விட்டு விலகித் தென்திசைக்கு, தன் கடலோரத்துக்குத் திரும்பினார்.

ஐந்து மொழி அகராதி

வந்த மறு வருஷம், 1595-ல், வெனிஸ் நகரத்தில் ஒரு புத்தகம் வெளிவந்தது. அது ஓர் அகராதி. விரான்சிச் எழுதியது.

அகராதி என்றால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு மொழிச் சொல்லுக்கு இன்னொரு மொழியில் அர்த்தம் இருக்கும். விரான்சிச்சின் அகராதியில் ஐந்து மொழிகள். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பத்திகள். முதல் பத்தியில் லத்தீன். அடுத்தது இத்தாலிய மொழி. பிறகு ஜெர்மன். நாலாவது பத்தியில் டால்மேஷிய மொழி. கடைசியில் ஹங்கேரிய மொழி. மொத்தம் சுமார் 5,000 சொற்கள்.

நாலாவது பத்தியைக் கவனிக்க வேண்டும். டால்மேஷியா என்பது அந்தக் கடலோரத்தின் பெயர். டால்மேஷிய மொழி என்று அவர் சொன்னது, கரையிலும் தீவுகளிலும் ஜனங்கள் பேசிய குரோஷிய மொழியைத்தான். வலை இழுப்பவர்கள், ஒலிவக் கொட்டை ஆட்டுபவர்கள், சந்தையில் அத்திப்பழம் விற்கும் பெண்கள் பேசிய பேச்சு அது.

லத்தீன் என்பது போப்பாண்டவரின் மொழி. சட்டத்தின் மொழி. ஜெர்மன் சக்கரவர்த்தியின் மொழி. அவற்றோடு மீனவர் பேச்சையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் அச்சடித்தார் விரான்சிச். அதோடு விடவில்லை. இந்த ஐந்தும் ஐரோப்பாவின் மிகச் சிறந்த மொழிகள் என்று புத்தகத்தின் தலைப்பிலேயே போட்டுவிட்டார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை.

குரோஷிய மொழிச் சொற்களைத் திரட்டி அச்சில் வந்த முதல் அகராதி அதுதான். ஹங்கேரியர்களும் தங்கள் மொழி அகராதிகளில் அதை முன்னோடியாகக் கொண்டாடுகிறார்கள்.

புத்தகத்தின் கடைசியில் இன்னொரு பட்டியல் சேர்த்தார். குரோஷிய மொழியில் இருந்து ஹங்கேரிய மொழிக்குப் போன சொற்களின் பட்டியல். ஹங்கேரிய ராஜ்ஜியத்தில் சம்பளம் வாங்கியவர், அந்த ஹங்கேரியர்களே தன் ஜனங்களிடம் சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று காட்டினார். கொஞ்சம் குறும்புதான்!

பத்து வருஷம் கழித்து, 1605-ல், பிராக் நகரத்தில் லோடரெக்கர் என்ற துறவி இந்த அகராதியை எடுத்து, செக் மொழியையும் போலிஷ் மொழியையும் சேர்த்து ஏழு மொழி அகராதியாக வெளியிட்டார். அதற்கு முந்திய வருஷம், 1604-ல், பாக் என்ற மற்றொரு தீவில் பிறந்த காஷிச் என்ற குரு, குரோஷிய மொழிக்கு முதல் இலக்கணப் புத்தகம் எழுதி ரோமாபுரியில் அச்சிட்டார். அகராதி ஒரு தீவோடு சம்பந்தப்பட்டவர் எழுதியது. இலக்கணம் இன்னொரு தீவில் பிறந்தவர் எழுதியது.

பிர்விச் லூகா கிராமத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அங்கே ஒரு மடம் இருந்தது. அந்த மடத்துத் துறவிகள் லத்தீனில் பூஜை செய்யவில்லை. பழைய ஸ்லாவிய மொழியில் செய்தார்கள். அதை எழுத கிளகோலித்திக் என்ற தனி எழுத்தை உபயோகித்தார்கள். லத்தீனைத் தவிர வேறு மொழியில் பூஜை நடப்பது அப்போது மேற்கு ஐரோப்பாவில் மிக அபூர்வம். அந்தக் கரையில் மட்டும் அதற்கு அனுமதி இருந்தது. தன் ஊர்ப் பேச்சு அச்சுக்கு ஏற்றது அல்ல என்ற எண்ணம் விரான்சிச்சுக்கு வராமல் போனதற்கு, இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எந்திரங்களின் புத்தகம்

1598-ல் சக்கரவர்த்தி அவரை மறுபடியும் கூப்பிட்டார். ஹங்கேரி விஷயங்களில் யோசனை சொல்லும் வேலை. சனாத் என்ற இடத்துக்கு பிஷப் பட்டமும் கொடுத்தார்கள். ஆனால் பட்டம் பெயருக்குத்தான். போர் நடந்து கொண்டிருந்த பிரதேசம் அது. பிஷப் தன் மக்களிடம் போய் இருக்க முடியவில்லை. 1605-ல் அந்த வேலையையும் விட்டார். ரோமாபுரிக்குப் போய்ப் பர்னபைட் சபைத் துறவிகளோடு சேர்ந்தார். 1606-ல் கன்னியராக வாழ்ந்த புனிதப் பெண்கள் சிலரின் வரலாற்றைக் குரோஷிய மொழியில் எழுதி வெளியிட்டார்.

ரோமாபுரியில் வெள்ளம் அடிக்கடி வரும். டைபர் நதி கரை புரண்டு வீதிகளில் ஓடும். அதைத் தடுப்பது எப்படி என்று யோசித்தார். வெனிஸ் நகரத்தைச் சுற்றிலும் தண்ணீர். ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. அதற்கும் ஒரு வழி யோசித்தார். ஒரு குறையைக் கண்டால், அதை எந்திரத்தால் தீர்க்க முடியுமா என்று பார்ப்பது அவர் சுபாவம்.

வயதான காலத்தில், உடம்பு சரியில்லாத நிலையில், வெனிஸ் நகரம் வந்து தன் யோசனைகளை எல்லாம் ஒரே புத்தகமாக அச்சிட்டார். 1615 அல்லது 1616-ல் வெளிவந்தது. பெயர் "புதிய எந்திரங்கள்". பெரிய பெரிய படங்கள் 49. அவற்றில் 56 சாதனங்கள். விளக்கம் ஐந்து மொழிகளில்!

படங்களைப் புரட்டினால் பொழுது போவதே தெரியாது. காற்றால் சுற்றும் மாவு ஆலைகள் பல தினுசு. கடலின் ஏற்ற இறக்கத்தால் சுற்றும் ஆலை. நதியில் மிதந்துகொண்டே அரைக்கும் ஆலை. தண்ணீரால் ஓடும் கடிகாரம். நெருப்பால் ஓடும் கடிகாரம். துறைமுகத்தைத் தூர் வாரும் எந்திரம். எண்ணெய் பிழியும் செக்கு.

பாலங்களின் படங்கள்தான் அவருடைய பெருமை. ஒரு படத்தில், இரண்டு கரையிலும் கோபுரம் எழுப்பி, இரும்புச் சங்கிலியில் பாலத்தைத் தொங்க விட்டிருக்கிறார். நதிக்கு நடுவில் தூண் இல்லை. இன்னொரு படத்தில், நதிக்கு மேலே கயிறு கட்டி, அதில் ஒரு கூடையைத் தொங்க விட்டு, ஆளை உட்கார வைத்து அக்கரைக்கு அனுப்புகிறார். இன்றைய ரோப் கார்தான்!

தொங்கு பாலம் என்பது அப்போது ஐரோப்பாவில் காகிதத்தோடு நின்று போயிற்று. சங்கிலியில் தொங்கும் பெரிய பாலம் ஒன்று பிரிட்டனில், மெனாய் ஜலசந்தியில், 1826-ல்தான் திறக்கப்பட்டது. இரு நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் படம் காத்துக் கிடந்தது.

குதித்தாரா, குதிக்கவில்லையா?

இப்போது அந்தப் புகழ் பெற்ற படத்துக்கு வருவோம்.

ஒரு கோபுரம். அதில் இருந்து ஒருவன் அந்தரத்தில் இறங்குகிறான். அவன் தலைக்கு மேலே ஒரு பெரிய சதுரத் துணி. கப்பல் பாய் மாதிரி. நாலு சம நீளக் கம்புகளைச் சதுரமாகக் கட்டி, அதில் துணியை இழுத்து மாட்டியிருக்கிறது. நாலு மூலையிலும் கயிறு. கயிறுகள் அவன் உடம்பில் கட்டப்பட்டிருக்கின்றன. படத்தின் பெயர் "பறக்கும் மனிதன்".

கீழே விழும்போது காற்று துணியில் முட்டும். துணி உப்பும். விழும் வேகம் குறையும். மனிதன் பத்திரமாகத் தரையில் கால் வைப்பான். ஆளின் பாரத்துக்குத் தகுந்தபடி துணியின் அளவு இருக்க வேண்டும் என்பதையும் விரான்சிச் எழுதி வைத்தார். கடலோரத்தில் பிறந்தவர் அவர். பாய் காற்றைப் பிடிப்பதைத் தினமும் பார்த்து வளர்ந்தவர்.

லியனார்டோ டாவின்சி இவருக்கு முன்பே இப்படி ஒரு படம் வரைந்தார். அது பிரமிடு மாதிரி, கூடாரத் துணி. ஆனால் அது அவருடைய சொந்த நோட்டில் கிடந்தது. அச்சாகவில்லை. ஊர் அறியப் புத்தகத்தில் போட்டவர் விரான்சிச்.

பிற்காலத்தில் ஒரு கதை கிளம்பிற்று. விரான்சிச்சே துணியைக் கட்டிக்கொண்டு வெனிஸ் நகரத்து மணிக்கூண்டில் இருந்து குதித்தார் என்ற கதை. சிலர், வெனிஸ் அல்ல, பிராட்டிஸ்லாவாவில் என்கிறார்கள். இன்றும் பல புத்தகங்களில் இதைப் பார்க்கலாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் குதித்ததற்கு அந்தக் காலத்துச் சாட்சியம் எதுவும் இல்லை. புத்தகம் வந்தபோது அவர் அறுபதைத் தாண்டிய கிழவர். நோயாளி. அவரே கோபுரத்தில் ஏறிக் குதித்தார் என்பது நம்பும்படியாக இல்லை. ஒரு பிஷப் வெனிஸ் நகரத்தில், எல்லோரும் பார்க்கக் குதித்திருந்தால், ஒருவராவது எழுதி வைக்காமலா இருப்பார்?

ஒரு மனிதன் பாராசூட்டில் உண்மையாகக் குதித்தது 1783-ல். பிரெஞ்சுக்காரர் லெனோர்மான், மான்பெல்லியே நகரத்தில் ஒரு கோபுரத்தில் இருந்து குதித்தார். 1797-ல் கார்னெரின் என்பவர் பாரிஸ் நகரத்துக்கு மேலே பலூனில் போய், அங்கிருந்து இறங்கினார். விரான்சிச் இறந்து 180 வருஷம் ஆகியிருந்தது.

குதிக்கவில்லை என்றால் அவர் மதிப்புக் குறையுமா? குறையாது. கணக்குப் போட்டுப் படம் வரைந்து, செய்யும் வழியையும் ஐந்து மொழிகளில் எழுதினார். யார் வேண்டுமானாலும் படித்துச் செய்து பார்க்கலாம்.

தீவுக்குத் திரும்பிய பயணம்

எந்திரப் புத்தகம் வெளிவந்து அதிக நாள் ஆகவில்லை. 1617-ம் ஆண்டின் ஆரம்பத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. டால்மேஷியாவுக்குப் போகும் வழியில் வெனிசில் தங்கியவர், உயிரோடு ஊர் போய்ச் சேரவில்லை. உடல்தான் போயிற்று.

பிராட்டிஸ்லாவா, பாதுவா, வெஸ்பிரேம், பிராக், ரோமாபுரி, வெனிஸ். இத்தனை ஊர்களில் வாழ்ந்தவர் அவர். ஒவ்வொரு நாட்டிலும் அவர் பெயரை ஒவ்வொரு மாதிரி எழுதினார்கள். இத்தாலியர்களுக்கு அவர் வெரான்சியோ. லத்தீனில் வெரான்சியஸ். ஹங்கேரியர்களுக்கு வெரான்சிச். அவர் போய்ப் படுத்துக்கொண்ட தீவில் விரான்சிச்.

பிர்விச் லூகாவில் உள்ள மாதா கோவிலில் அவரை அடக்கம் செய்தார்கள். அதன் பிறகு வெனிஸ் அரசு 1797-ல் ஒழிந்தது. நெப்போலியன் ஆட்சி வந்து போயிற்று. ஆஸ்திரியாவின் ஆட்சி போயிற்று. யூகோஸ்லாவியா தோன்றி மறைந்தது. 1991-ல் குரோஷியா தனி நாடு ஆயிற்று. தீவில் பிழைப்புப் போதாமல் பலர் வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறினார்கள். கல்லறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

2012-ல் கிராமத்தில் விரான்சிச்சுக்கு ஒரு ஞாபகார்த்த நிலையம் திறந்தார்கள். புத்தகத்தில் உள்ள பாலங்கள், ஆலைகள், கடிகாரங்கள் இவற்றைச் சின்ன உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அகராதியையும் அங்கே காட்டுகிறார்கள். கோடைக்காலத்தில் ஷிபெனிக், வோடிட்சே ஊர்களில் இருந்து படகில் ஆட்கள் வருகிறார்கள். தீவில் மோட்டார் கார் கிடையாது. நடந்துதான் போக வேண்டும். துறையில் இறங்கினால் கல் வீடுகள், கட்டிப் போட்ட படகுகள், பக்கத்திலேயே கோவில்.

துறையில் வலை உலர்த்தும் கிழவர்கள் கடலுக்கும் மீனுக்கும் ரொட்டிக்கும் சொல்லும் சொற்கள், விரான்சிச் தன் அகராதியின் நாலாவது பத்தியில் தேடிச் சேர்த்த அந்தக் கரையோரப் பேச்சின் சொற்கள்தான்.